மூன்று வருடம் கழித்தும் பரணுக்குப் போகாத பொருட்கள்

வினோதமான பொருள் ஏதாவது வீட்டுக்கு வந்தால் முதல் வாரம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவோம், இரண்டாம் மாதம் தூசி துடைப்போம், அப்புறம் நேராகப் பரண். எங்கள் வீட்டுக்குக் கடந்த மூன்று வருடத்தில் இப்படி ஆறு பொருள் வந்தது, பாதி நாங்களே ஆசைப்பட்டு வாங்கியது, பாதி பரிசாக வந்தது. எது தாக்குப்பிடித்தது, எது தாக்குப்பிடிக்கவில்லை என்று எழுதுகிறேன். பரிசு தேடுகிறவர்களுக்கு உதவும்.

தினமும் கைக்கு வருவது ஆக்ஸோ என்ற சமையல் கருவி நிறுவனத்தின் சாய்கோட்டு அளவுக் கோப்பை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சாதாரண அளவுக் கோப்பையில் கோடுகள் பக்கவாட்டில் இருக்கும். ஊற்றிவிட்டுக் குனிந்து கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்து, கொஞ்சம் குறைகிறதே என்று நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் ஊற்றி, மறுபடி குனிய வேண்டும். இதில் உள்சுவரை ஒட்டி ஒரு பட்டை சரிவாக மேலே ஏறுகிறது, எண்கள் அதன்மேல் இருக்கின்றன. நின்ற இடத்திலேயே நின்று மேலிருந்து பார்த்தபடி ஊற்றலாம், தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் அளவு. அவ்வளவுதான் விஷயம், ஆனால் இடுப்பு வலி உள்ள என் அம்மா இதை எடுத்த நாளிலிருந்து பழைய கோப்பையைத் தொடவே இல்லை. அந்த நிறுவனமும் இப்படி ஒரு வலியைப் பார்த்துத்தான் தொடங்கியது: கைமூட்டு வாதத்தால் தோல் சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்ட மனைவி பெட்சியைப் பார்த்து சாம் ஃபார்பர் தடித்த ரப்பர் பிடி போட்ட சீவியைச் செய்ய வைத்தார், 1990 இல் அது விற்பனைக்கு வந்தது. பார்த்தவுடன் யாரும் ‘அட’ என்று சொல்லாத பொருள்தான், பயன்படுத்தினால் சொல்வார்கள்.

அதே 1990 இல் வந்த இன்னொன்று இதற்கு நேர் எதிர்: பிலிப் ஸ்டார்க் வடிவமைத்து அலெஸ்ஸி என்ற இத்தாலிய நிறுவனம் வெளியிட்ட ஜூசி சாலிஃப் என்ற எலுமிச்சை பிழியும் கருவி. மூன்று நீண்ட கால்களில் சிலந்தி போல நிற்கும், அலுமினிய வார்ப்பு, உயரம் 29 செ.மீ. நண்பர் வீட்டில் இருக்கிறது, எத்தனை முறை பார்த்தாலும் கண்ணை எடுக்க முடிவதில்லை. வடிகட்டி கிடையாது என்பதால் சாறோடு விதையும் கீழே வைத்த டம்ளருக்குள் இறங்கும். அதைச் சிற்பமாக நினைத்து ஹாலில் வைக்க முடிகிறவருக்குக் கொடுங்கள், சமையலில் வேகமாகக் கை ஓடுகிறவருக்கு வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கலிலியோ வெப்பமானி. நீளமான கண்ணாடிக் குழாய் நிறையத் தெளிந்த திரவம், அதற்குள் நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கண்ணாடிக் குமிழ்கள், ஒவ்வொன்றின் அடியிலும் எண் பொறித்த சின்ன உலோகத் தகடு. அந்தத் தகடுகளின் எடைதான் சூட்சுமமே. குமிழுக்குக் குமிழ் மயிரிழை அளவு எடை வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். அறை சூடாகும்போது திரவம் விரிந்து அடர்த்தி குறைகிறது, அப்போது கனமான குமிழ் முதலில் இறங்கும், அப்புறம் அடுத்தது. மேலே மிதக்கிற கூட்டத்தில் எது கீழே இருக்கிறதோ அதன் தகட்டில் உள்ள எண்தான் வெப்பநிலை. கலிலியோவின் பெயரில் விற்றாலும் இந்த வடிவம் அவருடையது இல்லை, அவர் செய்தது காற்றை வைத்து இயங்கிய வேறொரு கருவி. குமிழ்கள் மிதக்கும் இந்த முறை 17ஆம் நூற்றாண்டில் ஃபிளாரன்ஸ் நகரில் இருந்த அகாடெமியா டெல் சிமென்டோ என்ற அறிஞர் சபையிலிருந்து வந்தது.

காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டு அதன் முன்னால் உட்கார்வேன். ஒரு குமிழ் நடுவில் எங்கும் போகாமல் நிற்கும், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அடியில் போய் மற்றவற்றோடு சேர்ந்திருக்கும். இறங்கிய கணத்தை மூன்று வருடத்தில் நாலைந்து முறைதான் கண்ணால் பிடித்திருக்கிறேன், பிடித்த அன்றெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம்.

வாங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ஐந்து குமிழ் உள்ள சிறிய வகைகள் பல 18 முதல் 26 டிகிரி வரைதான் காட்டும். வீடு எந்நேரமும் 30க்கு மேலேயே இருக்குமென்றால் எல்லாக் குமிழும் அடியிலேயே கிடக்கும், பரிசு வாங்கியவர் பழுது என்று நினைத்துக்கொள்வார். பல வகைகளில் உள்ளே இருப்பது தண்ணீர் கிடையாது, தீப்பற்றக்கூடிய எண்ணெய் வகைத் திரவம், அதனால் அடுப்பு பக்கமும் நேர் வெயிலிலும் வைக்கக் கூடாது.

தண்ணீர் குடிக்கும் பறவை பொம்மையும் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது. மைல்ஸ் சல்லிவன் 1946 இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பேட்டரி இல்லை, சாவி இல்லை. தலையில் ஒட்டிய துணி நனைந்து ஈரம் காயக் காயத் தலை குளிர்ந்து உள்ளே அழுத்தம் குறையும், வயிற்றில் இருக்கும் திரவம் கழுத்து வழியாக மெதுவாக ஏறும், தலை கனத்துக் குனிந்து டம்ளரில் அலகை நனைக்கும், குனிந்ததும் திரவம் திரும்ப வழிந்து பறவை நிமிர்ந்துவிடும். மழை நாளில் ஈரம் சீக்கிரம் காயாததால் அதன் வேகமும் குறைந்துவிடும். உள்ளே இருக்கும் திரவம் பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன், நச்சு, கண்ணாடியும் மெல்லியது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

இனி ஏமாற்றங்கள். அந்தரத்தில் மிதக்கும் பூந்தொட்டியை நான் எவ்வளவு ஆசையாக வாங்கினேன் என்று சொல்லி மாளாது. வெறும் நிலைக்காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை அசையாமல் மிதக்கவிட முடியாது என்று 1842 லேயே சாமுவேல் எர்ன்ஷா நிறுவிவிட்டார், அதனால் இந்தத் தொட்டிகளின் அடிக்கட்டையில் மின்காந்தமும் உணரியும் இருக்கும், தொட்டி கொஞ்சம் விலகினாலும் மின்னோட்டத்தை மாற்றி நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் கரண்ட் போனால்? எங்கள் வீட்டில் ராத்திரி போனது, தொட்டி விழுந்து அடிக்கட்டையோடு ஒட்டிக்கொண்டது, மண் முழுக்கத் தரையில், செடியின் தண்டு முறிந்திருந்தது. மறுபடி மிதக்க வைக்க அந்த ஒரு புள்ளியைத் தேடித் தேடி அரை மணி நேரம். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் எடை தாங்காமல் விழுகிறது. செடி வளரும், எடை கூடும் என்பதை யோசிக்காமல் செய்த தொட்டி இது, எனக்கு இன்றும் அந்தச் செடியை நினைத்தால்தான் வருத்தம். செடி வைக்காமல் சின்ன நிலா விளக்கு மாதிரி எடை மாறாத ஒன்றை மிதக்கவிடும் வகை என்றால் பரவாயில்லை.

சூடு பட்டால் படம் மாறும் மக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையால் மென்மையாகக் கழுவினால் நிறைய நாள் வரும், டிஷ்வாஷரில் போட்டோம், நிறம் போய்விட்டது.

ஓடி ஒளியும் அலாரமும் கிட்டத்தட்ட ஏமாற்றம்தான். அந்த யோசனை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா ஆய்வகத்தில் மாணவியாக இருந்த கௌரி நந்தாவுடையது, முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் வேலைகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் 2005 இல் அதற்குக் கிடைத்தது. சத்தம் போட்டுக்கொண்டே மேஜையிலிருந்து குதித்து உருண்டு ஓடும், துரத்திப் பிடித்து அணைப்பதற்குள் தூக்கம் போயே போய்விடும். எங்களிடம் இருந்தது அதே மாதிரி வேறொன்று, வேலை என்னவோ சரியாகத்தான் செய்தது, ஆனால் ஆறு மணிக்கு எழ வேண்டிய ஒருவருக்காக வீடே எழுந்தது. தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு நல்ல பரிசு.

அடுத்த மாதம் அக்காவின் பிறந்தநாள், அளவுக் கோப்பை வாங்கி வைத்தாயிற்று. அவள் மகன் அந்தப் பறவைதான் வேண்டும் என்கிறான். ஆறு வயதுதான் ஆகிறது, கொஞ்சம் வளரட்டும், அதுவரை இங்கே வரும்போதெல்லாம் டம்ளரில் தண்ணீர் நிரப்பும் வேலை அவனுடையது.