லோரோங் ஹாலுஸ் ஈரநிலம்: நாணலிடம் ஒப்படைத்த வேலை

பூங்கா என்று நினைத்துக்கொண்டு சிங்கப்பூரின் லோரோங் ஹாலுஸுக்குப் போகிறவர்கள் ஏமாறக்கூடும். சிராங்கூன் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் ஓசையின்றி இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போனால், இந்த ஈரநிலத்தின் அருமை புரியும்.

1970 முதல் 1999 வரை இவ்வட்டாரத்தில்தான் குப்பை கொட்டிப் புதைத்தார்கள். வாளிக் கழிப்பறைகள் புழக்கத்தில் இருந்த காலத்தில், வீடுகளிலிருந்து அள்ளிய மலம் வந்து சேர்ந்த கடைசி நிலையமும் இங்கேதான் இருந்தது. அது 1987இல் மூடப்பட்டது. ஹாலுஸ் என்ற மலாய்ச் சொல்லுக்கு மென்மையானது, நயமானது என்று பொருள் என்பதைப் பழைய நாற்றத்தை அறிந்த பெரியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

புதைத்த குப்பை மண்ணுக்கடியில் சும்மா கிடப்பதில்லை. பெய்கின்ற மழை அதனூடே இறங்கி, அம்மோனியா முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு, கறுத்த கசிவுநீராகப் பள்ளத்தை நோக்கி நகரும். சிராங்கூன் ஆறு கடலோடு கலந்திருந்தவரை அது குடிநீருக்கு ஆபத்தாக இருக்கவில்லை. ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி, 2011இல் அதை நன்னீர்த் தேக்கமாகத் திறந்தபோது நிலைமை அடியோடு மாறியது. ஆகவே, பழைய குப்பைமேட்டுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் இடையே நிலத்தடியில் தடுப்புச்சுவர் எழுப்பி, தேங்கும் கசிவுநீரைச் சேகரித்து இந்த ஈரநிலத்துக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே நடக்கும் வேலை மூன்று கட்டங்களில் நடக்கிறது. முதற்கட்டக் குளங்களில் நீருக்குக் காற்றேற்றுகிறார்கள்; உயிர்வளி கிடைத்ததும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவைச் சிதைக்கத் தொடங்குகின்றன. அடுத்து, நாணலும் கோரையும் அடர்ந்த பாத்திகளின் ஊடே நீர் மெல்ல ஊர்ந்து செல்கிறது. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைத்த நம்மவர்களுக்கு இது பழக்கப்பட்ட வித்தையாகத் தோன்றலாம். ஆனால் கொட்டை மண்துகளைப் படியவைப்பதோடு நின்றுவிடும், இங்கோ வேர்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் கரைந்திருக்கும் மாசையே உண்டு தீர்க்கின்றன. இறுதியாகத் தெளிவுக் குளங்களில் நீர் தங்கிச் செல்கிறது.

நாணல் பாத்தியைத் தாண்டியதும் அந்த நீர் நேரே நீர்த்தேக்கத்தில் கலந்து நம் குழாய்க்கு வந்துவிடுகிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. சுத்திகரித்த பின்னும் அதை நீர்த்தேக்கத்தில் விடாமல், மேற்கொண்டு சுத்திகரிப்பதற்காகக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்துவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, இந்த நிலையத்தின் சிறப்பே அந்த எச்சரிக்கையில்தான் இருக்கிறது. அழுக்கைத் தேக்கத்தின் பக்கம் போகவிடாமல் தடுப்பதே அதற்கு இட்ட பணி. செடிகளின் திறமையை நம்பி அந்த எல்லையைத் தளர்த்தாதது நல்ல முடிவு.

பார்வையாளராக எனக்குள்ள ஒரே குறை, மிக முக்கியமான பகுதியான தடுப்புச்சுவர் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். அதை மனத்தில் வரைந்துகொண்டு நடக்க வேண்டும். நாற்றம் என்று சொல்லும்படி எதுவும் என் மூக்குக்கு எட்டவில்லை. சுற்றியுள்ள புல்வெளி மரங்களில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். பிள்ளைகளுக்குக் குளங்களைவிட அவைதான் பிடித்துப்போகும்.

பொங்கோல் பக்கமிருந்து வருவது சுலபம். நீர்த்தேக்கத்தின் குறுக்கே போட்டிருக்கும் சிவப்புப் பாலத்தை நடந்தோ மிதிவண்டியிலோ கடந்தால் ஈரநிலம் வந்துவிடும். நிழல் குறைவு என்பதால் காலை ஒன்பது மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு செல்லுங்கள். குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் மறக்க வேண்டாம்.