பிச்சாவரம் பக்கம் டென்ட்ல தங்கப் போறீங்களா, புக் பண்றதுக்கு முன்னாடி இத படிங்க

வெளிநாட்டுல இருந்து லீவுக்கு ஊருக்கு வர்ற நம்மாளுங்க நிறைய பேர் இப்ப கிளாம்பிங், அதான் சொகுசு டென்ட்ல தங்குறது, எங்க இருக்குன்னு தேடுறாங்க. இந்த தடவ மெல்பர்ன்ல இருந்து வந்தப்ப நாங்க பிச்சாவரம் சுத்துவட்டாரத்துல ரெண்டு இடத்துல தங்கினோம், ஒண்ணு நல்லா செலவு பண்ணி போட்ட சொகுசு டென்ட், இன்னொண்ணு பக்கத்துல இருக்கிற கிள்ளைங்கிற ஊர தாண்டி ஒரு குடும்பம் அவங்க தோப்புல போட்டுத் தர்ற சாதா டென்ட். பேரு எதையும் போடல, ஏன்னா நான் சொல்லப்போற விஷயம் அந்த ஓரத்துல எந்த இடத்துக்கும் பொருந்தும், மண்ணு அப்படி.

வடக்க வெள்ளாறு, தெக்க கொள்ளிடம், ரெண்டும் கடல்ல சேர்ற இடத்துக்கு நடுவுல சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்பு நிலக் காடு, அதான் பிச்சாவரம் அலையாத்திக் காடு, 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க. சுத்தி இருக்கிற தரையும் ரொம்ப தாழ்வு, பல இடத்துல கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வந்துரும். நம்ம கரையில கடல் ஏறி இறங்குறது பெரிய அளவுல கிடையாது, ஒரு மீட்டர் அளவுதான், ஆனா தரையே முழங்கால் உயரத்துல இருக்கிற ஊர்ல அதுவே ரொம்ப ஜாஸ்தி. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி இன்னும் கொஞ்சம் கூடுதலா ஏறும். நாங்க போனது தை அமாவாசைய ஒட்டி.

சொகுசு டென்ட்ட பத்தி நல்லத முதல்ல சொல்லிடுறேன். போட்டோல காட்டின அத்தனையும் இருந்துச்சு, பெரிய வெள்ளை கேன்வாஸ் டென்ட், மரப்பலகை தரை, கட்டில், ஏசி, வெளிய ஊஞ்சல், சீரியல் லைட்டு, போன உடனே இளநீர். வேலை செய்ற பசங்க அவ்வளவு தங்கமான பசங்க, ராத்திரி பதினோரு மணிக்கு பாப்பாவுக்கு சுடுதண்ணி கேட்டப்ப முகம் சுளிக்காம கொண்டு வந்து குடுத்தாங்க. சாப்பாட்டுல இறால் தொக்கு பிரமாதம்.

பிரச்சனை எல்லாம் பாத்ரூம்லதான். சாயங்காலம் வாய்க்கால்ல தண்ணி ஏற ஏற, டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணா தண்ணி கீழ போகாம மெதுவா மேல வந்து நிக்குது, உள்ளேருந்து குளுக் குளுக்னு சத்தம், அப்புறம் நாத்தம். டார்ச் எடுத்துட்டு பின்னாடி போய் பாத்தேன். டென்ட்டுக்குப் பின்னால ஒரு அஞ்சாறு அடி தள்ளி உறை இறக்கின குழி, மூடி பக்கத்துல மண்ணு சொதசொதன்னு ஊறிப்போய் ஒரு கோடு மாதிரி வாய்க்கால் பக்கம் கசிஞ்சு போகுது. மேனேஜர்கிட்ட சொன்னா ஆள விட்டு பினாயில் ஊத்தச் சொன்னார், காலைல சரியாயிடும் சார்னார், அது மாதிரியே காலைல தண்ணி வத்தினதும் சரியாவும் ஆயிடுச்சு. ஆனா சரியாச்சுன்னா என்ன அர்த்தம், அந்தக் குழில இருந்தது எல்லாம் தண்ணியோட வாய்க்காலுக்கு போயிடுச்சுன்னுதானே அர்த்தம்.

எனக்கு இதுலதான் மனசு ஆறல. அதே வாய்க்கால்ல காலைல இருளர் ஜனங்க இடுப்பளவு தண்ணில இறங்கி வெறும் கையால தடவித் தடவி இறால் புடிக்கிறாங்க, பொம்பளைங்களும் சேந்து. ராத்திரி நாம ஏசில தூங்கி எழுந்துட்டு போறோம், அந்த தண்ணில நிக்கிறது அவங்க. நிலத்தடி தண்ணி இவ்வளவு மேல இருக்கிற இடத்துல ஊறுகுழி, அதாவது கழிவுத் தண்ணிய மண்ணுக்குள்ள இறங்க விடுற குழி, வேலை செய்யாது, சுத்தி இருக்கிற மண்ணே தண்ணில ஊறிக் கிடந்தா குழித் தண்ணி எங்க இறங்கும். அடைச்ச தொட்டி வச்சு லாரி வரவழைச்சு எடுக்கணும், இல்லன்னா ரயில்ல இப்ப போட்டிருக்காங்களே ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் டிஆர்டிஓ கண்டுபிடிச்ச பயோ டைஜெஸ்டர், பாக்டீரியா வச்சு கழிவ கரைக்கிற தொட்டி, அந்த மாதிரி ஏதாவது வச்சு அதுல வெளிய வர்ற தண்ணிக்கும் ஒரு வழி பண்ணணும். ஆஸ்திரேலியால ஆத்தோரம் கேரவன்ல போனா கழிவுத்தொட்டிய அதுக்குன்னு இருக்கிற டம்ப் பாயின்ட்லதான் காலி பண்ண முடியும், அத ஒரு பெரிய விஷயமாவே யாரும் பேசுறதில்ல. இங்கயும் சட்டம் இல்லாம இல்ல, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்புல அலையாத்திக் காடு முதல் வகைல வருது, 1,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா அத சுத்தி 50 மீட்டர் இடைவெளி விடணும். அதனால புக் பண்ணும்போது ஊஞ்சல் இருக்கா ஏசி இருக்கான்னு கேக்குறதோட டாய்லெட் தண்ணி எங்க போகுதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க, பத்து பேர் கேட்டா அவங்களே மாத்துவாங்க.

இன்னொரு சின்ன விஷயம், அந்த இடத்துல குழாய்ல வர்றது உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்கவே இல்ல, குடிக்க கேன் தண்ணிதான். இது அவங்க தப்பு இல்ல, அங்க நிலத்தடி தண்ணி அப்படித்தான், ஆனா முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

ரெண்டாவது இடம் வாடகை அதுல கால்வாசி கூட இல்ல. தோப்புக்கார அக்கா வந்து மொதல்ல செஞ்ச வேலை, நாங்க ஆசையா ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவுல பாத்து வச்ச இடத்த வேணாம்னு சொன்னதுதான், "தம்பி, காய் விழும், இங்க மேட்டுல போடுங்க"ன்னாங்க. வாசல எந்தப் பக்கம் வைக்கணும்னும் அவங்கதான் சொன்னாங்க, விடியக்காலைல வாடை அடிக்கும், வடக்க பாத்து வச்சா பனியும் காத்தும் உள்ள வரும்னு. டென்ட்டோட வந்த அலுமினிய முளை அந்த ஈர மண்ணுல நிக்கவே இல்ல, அடிச்சா வழுக்கிட்டு உள்ள போகுது, இழுத்தா அதே மாதிரி வெளிய வருது. அவங்க வீட்டுக்காரர் முழ நீளத்துல சவுக்குக் கட்டைய சீவிட்டு வந்து சாச்சு அடிச்சு நைலான் கயித்துல கட்டினார், ராத்திரி முழுக்க காத்து, ஒண்ணு கூட அசையல. டாய்லெட் அவங்க வீட்டு பக்கத்துல, தரையில இருந்து நல்லா உயரத்துல கட்டினது, சிமென்ட் தொட்டி, நிறைஞ்சா வண்டி வந்து எடுத்துட்டு போகும்னாங்க. நடக்கணும்தான், ராத்திரில டார்ச் அடிச்சுட்டு போகணும், ஆனா நாத்தம் கிடையாது. கொசு ரெண்டு இடத்துலயும் உண்டு, பொழுது சாயுறப்ப ஒரு ஒன்றரை மணி நேரம் ரொம்ப மோசம், சின்னப் புள்ளைங்களுக்கு முழுக்கை சட்டை எடுத்துட்டுப் போங்க.

படகுக்கு தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட படகு குழாமுக்கே போயிடுங்க. மோட்டார் படகு வேகமா போகும், ஆனா அகல வாய்க்காலோட சரி, துடுப்புப் படகுதான் மரம் ரெண்டு பக்கமும் கவிஞ்சு கிடக்கிற சந்துக்குள்ள போகும், காசுக்கு மதிப்பு அதுலதான். எங்களுக்கு வந்த படகோட்டி அண்ணன் சுரபுன்னை வேர் எப்படி மேலேருந்து ஊன்றுகோல் மாதிரி இறங்குது, வெண்கண்டல் எப்படி சேத்துக்குள்ளேருந்து மூச்சு வேர மேல நீட்டுதுன்னு நிறுத்தி நிறுத்தி காட்டினார். பையன் ஒரு கிளைய ஒடிக்கப் போனப்ப சட்டுனு கைய புடிச்சுட்டார், அது தில்லை மரம், பால் கண்ணுல பட்டா பெரிய தொந்தரவு. சிதம்பரம் கோயில் தல மரம் அதுதான். 2004 சுனாமில இந்தக் காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊருங்க தப்பிச்சத பத்தி அவர் சொன்னத கேட்டப்புறம் என் பொண்ணு கேள்வி மேல கேள்வியா கேட்டுட்டே இருந்தா.

ஆனா ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். சொகுசு இடத்துல ராத்திரி படகு சவாரின்னு தனியா காசு வாங்கிட்டு கூட்டிட்டு போறாங்க, லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு இல்ல, குழந்தை சைஸ் சுத்தமா இல்ல. நாங்க போகல. 2023 மே மாசம் கேரளால தானூர்ல பொழுது சாஞ்சப்புறம் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்தாங்க, நிறைய பேர் குழந்தைங்க. தண்ணி ஆழம் கம்மிதான் சார்னு சொன்னாங்க, அடியில சேறு, கால் சிக்குனா ஆழம் எவ்வளவுன்னு எல்லாம் கணக்கே இல்ல. இருட்டுல படகு வேணவே வேணாம்.

காசு விஷயம். ரெண்டு இடத்துலயும் கார்டு எடுக்கல, ஜிபே இல்லன்னா கையில ரொக்கம். உங்ககிட்ட வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்களுக்கான என்ஆர்இ இல்லன்னா என்ஆர்ஓ பேங்க் கணக்கு இருந்தா ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கனடா, அமீரகம் மாதிரி சில நாட்டு நம்பர்லயே யூபிஐ போட்டுக்கலாம், உங்க பேங்க் குடுக்குதான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தா தங்க வைக்கிறவங்க 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தகவல் குடுக்கணும், அதுக்கு பாஸ்போர்ட் காப்பி கேப்பாங்க. சொகுசு இடத்துல உடனே முடிச்சாங்க, தோப்புல அவங்க பொண்ணு போன்லயே போட்டுடுச்சு.

போற மாசத்த யோசிச்சு போங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, கடலூர் மாவட்டம் புயலுக்கு நேர் வழி, தானே புயல் கரை ஏறினது 2011 டிசம்பர் 30, நம்மாளுங்க லீவுல ஊர்ல இருக்கிற அதே நாளு. ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்ல நேரம், பறவையும் இருக்கும். டிசம்பர்லதான் வர முடியும்னா புயல் எச்சரிக்கை வந்தா முழுப் பணமும் திருப்பித் தருவீங்களான்னு கேட்டு வாட்ஸப்ல எழுதி வாங்கிக்குங்க, சொகுசு இடத்துல அத கேட்டப்ப பதில் சொல்லாம மழுப்பினாங்க, தோப்பு அக்கா முன்பணமே வாங்கல.