டைனமோ போன ஸ்போர்ட்ஸ் கார்: பேட்டரியில் ஓட்டுவதா, ரெகவரி வண்டியா?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆசை தீர ஏறி இறங்கிவிட்டு, மே மாத ஞாயிறு காலை வேலூர் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆம்பூரைத் தொடும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. 14 வோல்ட் சொச்சம் காட்ட வேண்டிய மீட்டர் 12.3 காட்டியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ போச்சு. (ஆல்டர்னேட்டர் என்று கேட்டால் எங்கள் ஊர்க் கடையில் ஒரு நொடி யோசிப்பார்கள், டைனமோ என்றால்தான் உடனே புரியும்.) வண்டி இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், தரையை உரசிக்கொண்டே ஓடும் பழைய ஜெர்மன் கார். வீட்டுக்கு இன்னும் 50 கிலோமீட்டர்.

எதை யோசிப்பதற்கும் முன்னால் டைனமோவைச் சுற்றும் பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் அறுந்துதான் விளக்கு எரிகிறது என்றால், பெரும்பாலான வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, எஞ்சின் வெந்துவிடும். அப்போது ஒப்பீடே கிடையாது, ஓரங்கட்டிவிட்டு ரெகவரிக்குப் போன் போட வேண்டியதுதான். எனக்கு பெல்ட் சரியாக இருந்தது.

ரெகவரி வண்டியில் ஏற்றினால் வண்டிக்கு ஆபத்தில்லை, பணம் போகும், நேரம் போகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தாழ்வான காருக்கு முழுத் தட்டு வைத்த வண்டி வேண்டும், கொக்கி மாட்டித் தூக்குகிற வண்டி வந்தால் முன் பம்பர் காலி. தட்டு வண்டி என்றாலும் ஏற்றும் சரிவில் மூக்கு இடிக்காமல் இருக்கப் பலகை போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டபோது தட்டு வண்டி வர மூன்று மணி நேரம் என்றார்கள். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட வேண்டுமானால் நல்ல இடைவெளி.

இன்னொரு வழி, ஆம்பூரிலேயே சார்ஜ் போட்ட பேட்டரி ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்வது. என் வண்டியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, அந்த அளவுப் பேட்டரி எளிதில் கிடைக்காது, கழற்றி மாட்டினால் ஜன்னல் முதல் ஸ்டீரிங் வரை சில விஷயங்களைத் திரும்பப் பழக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கு நல்ல வழிதான். மெக்கானிக்கல் பம்ப் வைத்த அந்தக் கால டீசல் வண்டி என்றால் இந்தக் கவலையே வேண்டாம், ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பகலில் பெரும்பாலும் பேட்டரி இல்லாமலே ஊர் போய்ச் சேரும்.

நான் இருந்த பேட்டரியிலேயே ஓட்டினேன். மறுபடி நடந்தாலும் அதைத்தான் செய்வேன், ஆனால் ஆம்பூரில் நான் போட்ட கணக்கு தப்பு.

பேட்டரியின் கொள்ளளவு 70 ஆம்பியர்-அவர், வாங்கி எட்டு மாதம்தான். பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், காயில், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 ஆம்பியர் இழுக்கும். 70-ஐ 20-ஆல் வகுத்துப் பார்த்தால் மூன்றரை மணி நேரம் வருகிறது. நம்பாதீர்கள். அந்த 70 என்பது 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைப்பது, வேகமாக உறிஞ்சினால் குறையும், வோல்ட் 11-ஐ நெருங்கும்போதே மற்றதெல்லாம் தடுமாற ஆரம்பிக்கும். பாதியை மட்டும் கையிருப்பாக வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரம். 50 கிலோமீட்டருக்குத் தாராளம் என்று ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிளம்பினேன். மாதனூர் வரை மீட்டர் அசையவே இல்லை.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் வரிசை. நின்ற இரண்டாவது நிமிடம் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தது, 12.1 சட்டென்று 11.6 ஆனது. அந்த ஃபேன் மட்டுமே சுமார் 30 ஆம்பியர், அதாவது எஞ்சின் ஓடத் தேவையானதைவிட அதிகம். 75-80 வேகத்தில் போகும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது, ஃபேனுக்கு வேலை இல்லை. நின்றால்தான் அது விழித்துக்கொள்கிறது. டோல்கேட்டில் நான் நின்ற எட்டு நிமிடம், ஆம்பூரிலிருந்து அங்கே வரை ஓட்டிய செலவுக்குக் கிட்டத்தட்ட சமம். எஞ்சினை அணைக்கவும் பயம், திரும்ப செல்ஃப் எடுக்காவிட்டால் பின்னால் நிற்கும் லாரிக்காரர் என்னையும் என் வண்டியையும் சேர்த்து வாழ்த்துவார். கடைசியில் ஜன்னலை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரைச் சின்னதாக வைத்தேன், எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ளே வந்துவிடும், ஃபேன் நிற்கும். வேலூர் வெயிலில் ஹீட்டர் போட்டேன் என்றால் வீட்டில் இன்றும் நம்பவில்லை.

அதனால் வீடு எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, எத்தனை நிமிடம் நிற்க வேண்டியிருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். பைபாஸில் 40 கிலோமீட்டர் போய்விடலாம், வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் கடைசி 4 கிலோமீட்டர் போக முடியாது. மின்சார ஸ்டீரிங் உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம், மெதுவாகத் திருப்பும்போதுதான் அது அதிகம் இழுக்கும், வோல்ட் குறைந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் கனத்துவிடும்.

என் அனுபவம் ஒரு பகல், ஒரு வண்டி, புதுப் பேட்டரி, அவ்வளவுதான். இரவில் ஓட்டிப் பார்த்ததில்லை. ஹெட்லைட் தனியாகக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர் கேட்கும், அதோடு நெடுஞ்சாலையில் லைட் மங்குவது விளையாட்டில்லை, அப்போது ரெகவரிதான். வாட்டர் பம்ப்பே மின்சாரத்தில் ஓடுகிற வண்டியிலும் துணிய மாட்டேன். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தாலும் யோசிப்பேன், எங்கள் ஊர்ச் சூடு பேட்டரியை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும்.

பொய்கை தாண்டும்போது 11.8. ஊருக்குள் போகாமல் மேல்மொணவூர் சர்வீஸ் ரோட்டில் ஒரு புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியன் பாய்க்குப் போன் போட்டேன். "அங்கயே நில்லு தம்பி, டவுனுக்குள்ள எடுத்துட்டு வராத" என்றார். அரை மணியில் எக்ஸ்எல்லில் ஒரு பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்து, டிக்கியில் என் பேட்டரி பக்கத்திலேயே அசையாமல் வைத்து, கேபிள் மாட்டினார். இரண்டு பேட்டரியில் பட்டறை வரை ஓட்டினோம், ஃபேன் பாட்டுக்கு ஓடியது.

டைனமோவைப் பிரித்துப் பார்த்தால் கார்பன் பிரஷ் தேய்ந்து முடிந்திருந்தது. பிரஷ்ஷும் கட்-அவுட்டும் (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்) மாற்றினார், டைனமோ காயில் நன்றாக இருக்கிறது என்றார். இப்போது 14.2 காட்டுகிறது.