அலாரமா, தானாக விழிப்பதா?

தூக்கம் லேசாகவும் ஆழமாகவும் மாறி மாறி, சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

எழுந்ததும் தலை எப்படி?
தானாக விழித்தால்: எழும் நேரம் நெருங்கும்போதே உடலை விழிப்புக்குத் தயார்செய்யும் கார்டிசால் ஹார்மோன் ஏறும், உடல் சூடு மெல்லக் கூடும், தூக்கம் லேசாகிக் கண் திறக்கும். தலை தெளிவாக இருக்கும்.
அலாரம்: ஆழ்ந்த உறக்கத்தில் அடித்தால் கை தன் பாட்டுக்கு ஸ்னூஸைத் தட்டும், என்ன கிழமை என்றே புரியாது. அந்த மந்தம் அரை மணி நேரம்கூட நீடிக்கலாம். ஸ்னூஸில் கிடைக்கும் துண்டுத் தூக்கத்தை நான் தூக்கமாகவே சேர்க்கமாட்டேன்.

நம்பலாமா?
அலாரம்: சொன்ன நேரத்துக்கு அடிக்கும்.
தானாக: தினமும் ஒரே நேரத்தில் படுத்தால்தான் சரிவரும்.

அதிகாலைப் பயணம், ஷிப்ட் வேலை என்றால் அலாரம்தான், வேறு வழியில்லை. மற்ற நாட்களில் அரை மணி முன்னதாகப் படுங்கள், ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கியும் வையுங்கள். காலை வெளிச்சம் எழ உதவும்.