யார்க்‌ஷயர் கல் பண்ணை வீடு: பல குளிர்காலங்களுக்குப் பிறகு

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்கு ஒன்றில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட பண்ணை வீட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இத்தகைய வீட்டை வாங்க எண்ணுபவர்கள் அழகைக் காட்டிலும் சுவரைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுவரின் தடிப்பு ஏறத்தாழ 60 செ.மீ. உள்முகம், வெளிமுகம் என இரண்டு கல்வரிசைகள். நடுவே கல்துண்டுகளும் சுண்ணாம்பும் மண்ணும். இரு முகங்களையும் பிணைத்துப் பிடிக்க ஆங்காங்கே நீளமான கற்களைக் குறுக்கே வைத்திருக்கிறார்கள். பெரும்பகுதி உள்ளூர்ச் சுண்ணக்கல். அதைச் சதுரமாகச் செதுக்குவது கடினம் என்பதால் மூலைகளுக்கும் வாசல், சன்னல் சட்டங்களுக்கும் மணற்கல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஈரத்தடுப்பு அடுக்கு எதுவும் இல்லை. மழைநீர் ஓரளவு உள்ளே இறங்கும். வெயிலும் காற்றும் வந்தவுடன் சுண்ணாம்புக் காரையின் வழியாகவே வெளியேறிவிடும்.

லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டில் பழைய வீடுகளைப் பழுதுபார்த்தவர்கள் கல்லிடுக்குகளில் அதையே நிரப்பினார்கள். எங்கள் மேற்குச் சுவரிலும் யாரோ முன்பு அப்படிச் செய்திருந்ததால், உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி அறைப்பக்கம் திரும்பிப் பூச்சைக் கொப்பளிக்கவைத்தது. வெளியே மணற்கல் செதில் செதிலாக உதிர்ந்தது. சிமெண்டை உளியால் பொறுமையாகச் செதுக்கி எடுத்து, சுண்ணாம்புக் காரை பூசி, அது விரைந்து உலராதபடி ஈரச் சாக்குகளால் மூடிவைத்தோம். உறைபனிக் காலத்தில் இந்த வேலை கூடாது. சுவர் முழுமையாகக் காய ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. பிறகு அந்த அறையின் பூஞ்சை வாடை முற்றிலும் நின்றது. வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் சுண்ணாம்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறது என்பது அந்தச் சுவரைப் பார்த்தபோது விளங்கியது.

வாசலின் மேற்கல்லில் ஆண்டும் மூன்று எழுத்துகளும் இருக்கின்றன: மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே கணவன், மனைவி இருவரின் முதலெழுத்துகள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கையில் காசு சேர்ந்த இப்பகுதி உழவர்கள், மரச்சட்டமும் வேய்ந்த கூரையுமாக இருந்த வீடுகளைக் கல்லால் திரும்பக் கட்டியபோது இவ்வாறு பொறித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அந்தப் பெண்ணின் எழுத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

சன்னல்கள் சிறியவை, கல்தூண்களால் பிரிக்கப்பட்டவை. குளிர்காலத்தில் பிற்பகல் மூன்று மணிக்கே விளக்கு வேண்டும். அடைத்த சன்னலைக் கண்டால் சன்னல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து 1696 முதல் 1851 வரை வசூலிக்கப்பட்ட சன்னல் வரியைக் காரணம் சொல்வது இங்கு வழக்கம். எங்கள் வீட்டிலோ, பின்னாளில் வைத்த மாடிப்படி குறுக்கே வந்ததால்தான் ஒரு சன்னலை அடைத்திருக்கிறார்கள்.

கூரை கனத்த கற்பலகைகளால் ஆனது: அடியில் பெரியவை, முகட்டை நெருங்க நெருங்கச் சிறியவை. கல் எளிதில் கெடுவதில்லை, அதைத் தாங்கும் ஓக் மர முளைகள்தான் இற்றுப்போகின்றன. புயலுக்குப் பின் பலகை நழுவியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். வௌவால்கள் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. அவை தங்கியிருந்தால் கூரை வேலையைத் தள்ளிவைக்க நேரும்.

கோடையில் உள்ளே இதமான குளிர்ச்சி. குளிர்காலத்தில் சுவர் ஆறிவிட்டால் திரும்பச் சூடேற நாள்கணக்கில் ஆகும். ஆகவே குறைந்த வெப்பத்தை இடைவிடாமல் வைத்திருப்பதே நல்லது. எரிபொருள் செலவு புதிய வீட்டைவிடக் கணிசமாக அதிகம்.

பழங்கட்டடங்களுக்கான அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரப் பிரிவில் (Grade II) உள்ள வீடு என்பதால், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மீறலைச் சரிசெய்யும் பொறுப்பும் புதிதாக வாங்குபவர் மேல் விழலாம் என்பதால், பழைய அனுமதிக் கடிதங்களைக் கேட்டு வாங்குங்கள். வீட்டைப் பார்க்க மழைநாளிலேயே செல்லுங்கள்; மேற்குச் சுவரின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.