கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

என்னுடையது 160 சிசி பைக், 2021இல் வாங்கியது; புகை அளவைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்6 விதிப்படி வந்த வண்டி. அதன் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்தான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சில மாதங்களுக்கு முன் பிக்கப் குறைந்தது. லிட்டருக்கு 48 கொடுத்த வண்டி 41க்கு இறங்கியது. ஈரோட்டில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு தம்பி. எடுத்துட்டா வண்டி பறக்கும், மைலேஜும் ஏறும்" என்றார். எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. சரி என்று 1,800 ரூபாய் கொடுத்தேன். எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பை வெட்டி, உள்ளே தேன்கூடு போல இருந்த துண்டை எடுத்துவிட்டு, வெறும் குழாயாக வெல்டிங் வைத்துக் கொடுத்தார்.

சத்தம் கூடியது. அதை வேகம் என்று நம்பினேன். ஒரு வாரம் ஓட்டிய பிறகுதான் புரிந்தது: 40, 50இல் போகும்போது இழுவை முன்பைவிட மந்தம். ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. மைலேஜ் அதே 41. புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் என் வண்டியில் கன்வெர்ட்டருக்கு முன்னாலேயே இருக்கிறது; கன்வெர்ட்டர் இல்லாதது அதற்குத் தெரியாது. அதனால் மீட்டரில் எஞ்சின் விளக்குகூட எரியவில்லை.

புகைதான் பெரிய வேதனை. காலையில் போர்டிகோவில் ஸ்டார்ட் செய்தால் அம்மாவுக்குக் கண் எரிகிறது, ஜன்னலைச் சாத்திவிடுகிறார். அந்தத் தேன்கூட்டில் பூசியிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்தான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் மாற்றி வெளியே விடுகின்றன. அது இல்லாமல் எல்லாம் அப்படியே வீட்டுக்குள் வருகிறது. புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் புகை விதி மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸையும் 3 மாதம் முடக்கலாம்.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்தார். கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. கிளட்ச் பிளேட்டும் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றியதும் இழுவையும் மைலேஜும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. "எஞ்சின் நல்லா இருந்தா கன்வெர்ட்டர் சும்மா அடைக்காதுங்க. ஆயில் எரிஞ்சாலோ, ஸ்பார்க் தப்பினாலோதான் கெடும்" என்றார்.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் என்னைச் சுட்டது: "வெட்டின பீஸை வாங்கிட்டீங்களா?" நான் வாங்கவில்லை. அதிலுள்ள உலோகத்துக்காகவே பழைய கன்வெர்ட்டரைக் காசு கொடுத்து எடுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். முதல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டேன். "அது அப்பவே குப்பையில போயிடுச்சு தம்பி" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

கன்வெர்ட்டரோடு சேர்ந்த புது பெண்ட் பைப்புக்கு ஷோரூமில் 8,400 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். ஆர்டர் போட்டுவிட்டேன். அது வரும்வரை வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.