ஹட்டனில் நாய்க்குட்டிக்கு மலப் பரிசோதனை: கொடுத்த காசுக்குத் தகுமா?

பூச்சி மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வயிறு ஊதி, கழிசலோடு திரிகிற நாய்க்குட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹட்டன் டவுனில், மைக்ரோஸ்கோப்பில் மலம் பார்த்துச் சொல்கிற சின்ன கிளினிக் ஒன்று இருக்கிறது. குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை, பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோ அண்ணன்மாரைக் கேட்டால் கொண்டுபோய் விடுவார்கள். மாத்திரையை மாற்றி மாற்றி வாங்குகிற காசுக்கு, ஒரு தடவை இங்கே காட்டுவது எவ்வளவோ மேல்.

எங்கள் ரோசி நோர்வூட் பக்கம் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பிறந்தவள். வயிறு மட்டும் உப்பி, விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தாள். ஒரு பார்மசியில் குட்டியை நிறுக்கவும் இல்லை, எத்தனை கிலோ என்று கேட்கவும் இல்லை, "சின்னதுதானே, பாதி கொடுங்க" என்று மாத்திரையை உடைத்துக் கையில் தந்துவிட்டார்கள். கொடுத்தால் வெள்ளையாக நீளப் புழுக்கள் விழும், கொஞ்ச நாள் துள்ளுவாள், அப்புறம் பழையபடி கழிசல். பக்கத்து வீட்டு ஆயா பூண்டு அரைத்துக் கொடுக்கச் சொன்னார். தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். பூண்டு நாயின் சிவப்பு அணுக்களை உடைக்கும், கொக்கிப்புழு ஏற்கெனவே இரத்தம் குடித்து ஈறு வெளிறிப்போன குட்டிக்கு அது இன்னும் ஆபத்து.

கிளினிக்கில் முதல் வேலையே தராசில் ஏற்றுவதுதான், இதுவே எனக்குப் பிடித்துவிட்டது. நாய்க்குப் பரவலாகக் கொடுக்கிற, பைரன்டெல், பிராசிகுவான்டெல், ஃபெபன்டெல் மூன்றும் சேர்ந்த மாத்திரை பொதுவாக 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கு. கண்ணால் பார்த்து உடைத்தால் கூடும் அல்லது குறையும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்க மட்டும் கிராம் கணக்குப் பார்க்கிறோம்!

மலத்தை நாமேதான் கொண்டுபோக வேண்டும். அன்று காலையில் போனதாக இருக்க வேண்டும், மண் ஒட்டாமல் மேலாக எடுக்க வேண்டும், ஏனென்றால் மண்ணில் தானாக வாழ்கிற புழுக்களும் கலந்துவிட்டால் பார்க்கிறவருக்குக் குழப்பம். கழுவிய யோகட் கப்பில் போட்டு, பொலித்தீன் பையில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா சாப்பாடா என்று கேட்டார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே அதை அடர்த்தியான உப்புக் கரைசலில் கலக்கி வைக்கிறார்கள். முட்டைகள் லேசானவை என்பதால் மேலே மிதந்து வந்து கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், கால் மணித்தியாலத்தில் முடிவு.

ரோசிக்கு வட்டப்புழு முட்டை இருந்தது. அதோடு கொக்சிடியாவும் இருந்தது. அது புழுவே இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிரி, சாதாரண பூச்சி மாத்திரை அதைத் தொடாது. அதாவது கழிசலுக்கு ஒரு காரணத்தை மாத்திரை கவனித்துக்கொண்டிருக்க, மற்றது பாட்டுக்கு உள்ளே இருந்திருக்கிறது. இதை எந்தப் பார்மசிக்காரரும் கவுண்டருக்குப் பின்னால் நின்று கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தனியாக சல்ஃபா மருந்து தந்தார்கள்.

டொக்டர் மிஸ் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். முன்பு பார்மசியில் வாங்கிய மாத்திரை போலி மருந்தா என்று கேட்டேன். "மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. குடல்ல இருந்தது போயிருச்சு, மத்தது இன்னும் குடலுக்கு வரல்ல" என்றார். தாய் நாயின் சதைக்குள் வட்டப்புழுக் குஞ்சுகள் தூங்கிக் கிடக்கும், சினைப்பட்டதும் விழித்து வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும், பாலிலும் போகும். குட்டியின் உடம்பில் ஈரல், நுரையீரல் என்று சுற்றி, இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுத் திரும்பக் குடலுக்கு வரும். பைரன்டெல் குடலில் இருப்பதை மட்டும் முடக்கித் தள்ளும், வழியில் இருப்பது தப்பிவிடும். அதனால்தான் குட்டி பிறந்து 2 வாரத்தில் தொடங்கி 2 வாரத்துக்கொரு தடவை, அப்புறம் 6 மாதம் வரை மாதாமாதம் கொடுக்கச் சொல்கிறார்கள். தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். லயத்தில் ரோசியின் தாய் யாருடைய நாயும் இல்லை, எல்லாருடைய நாயும்தான், அதற்கு யார் மருந்து வாங்குவது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். கடைசியில் நானே வாங்கினேன்.

இன்னொரு பக்கம் மண். வட்டப்புழு முட்டை புதிதாக விழும்போது தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரம்போல எடுக்கும், ஆனால் அதற்குப் பிறகு வருஷக் கணக்கில் மண்ணில் கிடக்கும். கொக்கிப்புழுவோ சில நாட்களிலேயே குஞ்சு பொரித்து, ஈரமான நிழல் மண்ணில் காத்திருந்து தோல் வழியாகவே ஏறும். நம் லயத்துப் பின்பக்கம் எப்போது காய்ந்திருக்கிறது? அன்றன்றைக்கு மலத்தை அள்ளிப் போடுவதை விட்டால் வேறு வழி கிடையாது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் வேறு. 1911இல் இலங்கையில் ஒரு புனுகுப்பூனையிடமிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட கொக்கிப்புழு இனம் ஒன்று நாயிலும் இருக்கும், மனிதக் குடலிலும் முழுதாக வளரும், வட்டப்புழுக் குஞ்சு பிள்ளைகளின் கண்ணைக்கூடப் பாதிக்கும்.

மலத்தில் அரிசி மணி போல ஒட்டிக்கொண்டு நெளிந்தால் அது நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால் வருவது, ஆகவே தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்பவும் வரும்.

சரி, குறைகள். ஞாயிற்றுக்கிழமை பூட்டு, தோட்டத்து ஆட்களுக்குக் கை ஓய்கிற நாளே அதுதான். மருந்துத் துண்டில் எல்லாம் ஆங்கிலத்தில் கிறுக்கல், எத்தனை மில்லி என்று வாயால் கேட்டு நாமே எழுதிக்கொள்ள வேண்டும். உட்கார நாலு கதிரை, பூனையும் நாயும் ஒரே இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும். முட்டை தெரியவில்லை என்றால் புழுவே இல்லை என்று அர்த்தமில்லை, இளம் புழு முட்டை போடாது, நாடாப்புழு இதில் அனேகமாகத் தெரியாது, இதையும் கேட்டால்தான் சொல்கிறார்கள். விலையில் குறை சொல்ல மாட்டேன், நோர்வூட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய் வருகிற கூலியை விடக் குறைவு.

இதற்காக நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலை வரை போகத் தேவையில்லை. குட்டி சுருண்டு படுத்து, இரத்தமாகப் போய், ஈறு வெள்ளையாகிவிட்டால் மட்டும் யோசிக்காமல் எங்கே கிட்டவோ அங்கே ஓடுங்கள்.

போகிறதாக இருந்தால் முதல் நாளே போன் எடுத்து மைக்ரோஸ்கோப் பார்க்கிறவர் வருவாரா என்று கேளுங்கள். அவர் லீவு என்றால் யோகட் கப்போடு திரும்பி வர வேண்டியதுதான்.